ரெஃப்ரி ஸார்... எங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க!

2023 நவம்பர் 29-ம் தேதி ராத்திரி. கோட்டூர்புரம் ஹவுஸிங் போர்டு ஃப்ளாட் ஒன்றில், நண்பர் வீட்டு ஹாலில் ஏழு பேர் டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் நம்ம சென்னையின் எஃப்.சி.க்கும் ஐ.எஸ்.எல். மேட்ச். ஆறு பேர் நீலக் கட்சி. ஏழாவது ஆள், மேல் ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கும் திருச்சூர் பையன். மஞ்சள் சட்டையோடு, எதிரி முகாமுக்குத் தூது வந்தவன் மாதிரி கதவோரம் உட்கார்ந்திருந்தான்.

முதல் நிமிஷமே ரஹீம் அலி பெயரில் நமக்கு ஒரு கோல். "ஆஃப்ஸைட்! அங்கிள், இது ஆஃப்ஸைட்!" என்று துள்ளி எழுந்தான் பையன். (முப்பதுகளில் இருப்பவனை அங்கிள் என்றது தனி ஃபவுல். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.) பத்து நிமிஷம் கழித்து கேரளாவுக்கு ஒரு பெனால்டி. நண்பர் சோபா குஷனைத் தூக்கி எறிந்தார். "காசு வாங்கிட்டான்யா ரெஃப்ரி!" அடுத்த இரண்டே நிமிஷத்தில் நமக்கு ஒரு பெனால்டி. இப்போது குஷன் திருச்சூரிலிருந்து பறந்தது. "ஈ ரெஃப்ரி சென்னை ஆளு!"

உள்ளேயிருந்து காபியோடு வந்த நண்பரின் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, ரெண்டு பேருமே அந்த ஆளு உங்களை ஏமாத்திட்டான்னு கத்தறீங்களே... அப்போ அவன் யாருகிட்டதான் காசு வாங்கினான்?"

மேட்ச் 3-3 என்று டிராவில் முடிந்தது. அம்மாவின் கேள்விக்கு மட்டும் ஏழு பேரில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. மேட்ச் முடிந்ததும் கேரளா கோச் இவான் வுகோமனோவிச் ரெஃப்ரிகளைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்ல, அதற்கு ஒரு மேட்ச் தடை, 50,000 ரூபாய் அபராதம் என்று போட்டார்கள். அவருக்கு அது பழகிப்போன விஷயம். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அம்மாவின் கேள்வியை அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் ரொம்ப நாள் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1951-ல் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவே ஒரு மேட்ச். கோழிமுட்டை ஷேப்பில் பந்து வைத்துக்கொண்டு கையால் ஆடுவார்களே, அந்த ஃபுட்பால். ஒருத்தருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருத்தருக்குக் கால் முறிந்தது. ஊரெல்லாம் சண்டை. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற அந்த இருவரும் மேட்ச்சின் ஃபிலிமை இரண்டு காலேஜ் மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, "எத்தனை தப்பு நடந்தது? எண்ணுங்கள்" என்றார்கள். டார்ட்மத் ஆட்டக்காரர்கள் செய்த தப்புகள் என்று டார்ட்மத் பையன்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் பையன்கள் எண்ணினார்கள். ஒரே ஃபிலிம்தான்! யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. 1954-ல் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார்கள்.

"பார்த்தீங்களா, எல்லாம் ரசிகர்களோட கற்பனை" என்று ஃபெடரேஷன் ஆசாமிகள் அவசரப்பட்டு நாற்காலியில் சாய வேண்டாம். இன்னொரு ஆராய்ச்சியும் இருக்கிறது.

2002-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை வெளியானது. தகுதி பெற்ற ரெஃப்ரிகள் 40 பேரை உட்கார வைத்து லிவர்பூல், லெஸ்டர் மோதிய மேட்ச்சிலிருந்து 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். எது ஃபவுல், எது இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு பிரிவினருக்கு கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்கு ஊமைப் படமாக. சத்தத்தோடு பார்த்தவர்கள், சொந்த மைதானத்தில் ஆடிய லிவர்பூலுக்கு எதிராக 15.5 சதவிகிதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். யாரும் அவர்களுக்குப் பெட்டி கொடுக்கவில்லை. காதில் விழுந்த சத்தம் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்பெயினில் இன்னும் வேடிக்கை. ஆட்டம் முடியும்போது வீணான நேரத்துக்கு ஈடாக ரெஃப்ரி சில நிமிஷங்கள் சேர்த்துக் கொடுப்பார் இல்லையா? 2005-ல் மூன்று பொருளாதார நிபுணர்கள் அதைக் கணக்குப் போட்டார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் சராசரியைவிட 35 சதவிகிதம் அதிக நேரம். உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலை என்றால் 29 சதவிகிதம் குறைவு, "போதும், வீட்டுக்குக் கிளம்பலாம்" என்கிற மாதிரி! நான் படித்தது பி.காம். இப்படி ஒரு வித்தியாசம் லெட்ஜரில் வந்தால் எந்த ஆடிட்டரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்.

ஆக, பாரபட்சம் என்று ரசிகன் கத்துவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாரபட்சத்தைத் தயாரிப்பதில் அவனுடைய தொண்டைக்கும் பங்கு இருக்கிறது. (காசு வாங்கின ரெஃப்ரியே கிடையாதா? உண்டு. ஜெர்மனியில் ராபர்ட் ஹாய்ஸர் என்பவர் சூதாட்டக் கும்பலோடு சேர்ந்து மேட்ச்களை வளைத்து, 2005-ல் தண்டனை பெற்றார். அது போலீஸ் கேஸ். நாம் பேசுவது வேறு.)

சரி, இப்போது பெங்களூருக்குப் போவோம்.

2023 மார்ச் 3. கண்டீரவா ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப், தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய மேட்ச். பெங்களூருவும் கேரளாவும் 90 நிமிஷம் முட்டிமோதி 0-0. எக்ஸ்ட்ரா டைம். 96-வது நிமிஷத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளா கோல்கீப்பர் பிரப்சுகன் கில் கோலை விட்டு நகர்ந்து தன் ஆட்களை "அங்கே நில், இங்கே நில்" என்று தடுப்புச் சுவராக நிறுத்திக்கொண்டிருக்கிறார். சுனில் சேத்ரி பார்த்தார். கோல் காலி. பந்தை லாகவமாக உள்ளே தூக்கிப் போட்டுவிட்டார். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான், "கோல்!" என்றார்.

"விசிலே அடிக்கலையே!" என்று கேரளா வீரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வுகோமனோவிச் மைதானத்துக்குள் வந்தார். வாங்க போகலாம் என்று கை காட்டினார். மொத்த டீமும் வெளிநடப்பு! நம் சட்டசபையில் பார்த்திருக்கிறோம், ஐ.எஸ்.எல்.லில் அதுதான் முதல் தடவை. காத்திருந்து பார்த்துவிட்டு மேட்ச்சை பெங்களூருவுக்குக் கொடுத்தார்கள்.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக் எடுக்கப் பொதுவாக விசில் தேவையே இல்லை. தப்பு செய்த அணி சுதாரிப்பதற்குள் அடித்துவிடலாம். அது பாதிக்கப்பட்டவனுக்கு உள்ள உரிமை. ஆனால் ரெஃப்ரி அட்டை காட்டியிருந்தாலோ, காயத்துக்காக ஆட்டம் நின்றிருந்தாலோ, ஆள் மாற்றினாலோ, எதிரணியை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தும் வேலையில் ரெஃப்ரி இறங்கிவிட்டாலோ, விசில் வந்த பிறகுதான் உதைக்க வேண்டும். அன்று சண்டையெல்லாம் இந்தக் கடைசி வரியில்தான். ரெஃப்ரி சுவரை நிறுத்தும் வேலையில் இறங்கிவிட்டாரா, இல்லையா? சீக்கிரமாக அடிக்கப் போகிறேன் என்று தான் ரெஃப்ரியிடம் முன்பே சொல்லிவிட்டதாக சேத்ரி தரப்பு. எங்களைத் தயாராகவே விடவில்லை என்று கேரளா தரப்பு.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பர் கோலை விட்டு நகர்ந்தது தப்பு. டீமைக் கூட்டிக்கொண்டு போனது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான பேருக்கும் டி.வி. முன்னால் இருந்த லட்சக்கணக்கான பேருக்கும், ரெஃப்ரி என்ன நினைத்து அந்தக் கோலைக் கொடுத்தார் என்பதை அந்த நேரத்தில் ஒருத்தரும் சொல்லவில்லையே? ஊமைப் படம் மாதிரி ஒரு மனுஷன் கையை நீட்டுகிறார், கோல் என்கிறார், விளக்கம் கிடையாது. மிச்சத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது.

மார்ச் 31-ம் தேதி தீர்ப்பு வந்தது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பகிரங்க மன்னிப்பு கேட்காவிட்டால் 6 கோடி. கோச்சுக்கு 10 மேட்ச் தடை, 5 லட்சம். கிளப்பும் கோச்சும் மன்னிப்பு கேட்டார்கள். அப்பீலும் போனார்கள், தள்ளுபடி. ஆனால் கொச்சி ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தடை முடிந்து அக்டோபர் கடைசியில் வுகோமனோவிச் திரும்பி வந்தபோது ஸ்டேடியத்தில் கல்யாண வரவேற்பு! 4 கோடி அபராதத்தால் ஒரே ஒரு ரசிகனின் அபிப்பிராயமும் மாறவில்லை.

இவர் மட்டுமில்லை. லிவர்பூலின் பழைய ஹீரோ ராபி ஃபௌலர் ஈஸ்ட் பெங்கால் கோச்சாக வந்திருந்தார். 2021 பிப்ரவரியில் அவருக்கும் ரெஃப்ரிகளைக் குறை சொன்னதற்காக 4 மேட்ச் தடை, 5 லட்சம் அபராதம். கவனியுங்கள், அது கொரோனா சீசன். எல்லா மேட்ச்சும் கோவாவில், ஆளில்லாத ஸ்டேடியங்களில். சத்தம் போடக் கூட்டமே இல்லாதபோதும் சர்ச்சை மட்டும் டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. 2023 டிசம்பரில் மும்பை சிட்டி, மோகன் பகான் மேட்ச்சில் ஏழு சிவப்பு அட்டைகள்! கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கிற மாதிரி கொடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

அட்டை என்றதும் ஒரு சங்கதி. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எங்கிருந்து வந்தது? டிராஃபிக் சிக்னலிலிருந்து. 1966 உலகக்கோப்பையில் இங்கிலாந்து, அர்ஜென்டினா மேட்ச் அடிதடி ரேஞ்சுக்குப் போனது. ரெஃப்ரி யாரை எச்சரித்தார், யாரை வெளியே போகச் சொன்னார் என்பதே ஆடியவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. பாஷைப் பிரச்னை வேறு. ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன், லண்டனில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது சிக்னல் விழ, மண்டைக்குள் பல்பு எரிந்தது. 1970 மெக்ஸிகோ உலகக்கோப்பையில் அட்டைகள் வந்துவிட்டன. நல்லவேளை, அவர் கோட்டூர்புரம் பக்கம் கார் ஓட்டவில்லை. நம்மூரில் மஞ்சள் விழுந்தால் "இன்னும் வேகமாப் போ" என்று அர்த்தம் என்பது தெரிந்திருந்தால் யோசனையையே கைவிட்டிருப்பார்.

ஆனால் பாருங்கள், அட்டை கண்டுபிடித்த காரணமே, ரெஃப்ரி என்ன முடிவெடுத்தார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான். முடிவு தெரிந்தது. ஏன் என்பது இன்னும் தெரியவில்லை.

அக்கௌண்டன்ஸியில் 'காம்பன்ஸேட்டிங் எரர்' என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் நூறு ரூபாய் தப்பு, இன்னொரு பக்கம் அதே நூறு ரூபாய் தப்பு. ட்ரையல் பேலன்ஸ் கனகச்சிதமாக டாலி ஆகும். கணக்கு மட்டும் தப்பு. ரசிகன் பல சமயம் ரெஃப்ரியிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். "அவனுக்கு ஒரு தப்பு பெனால்டி கொடுத்தியா, எனக்கும் ஒரு தப்பு பெனால்டி கொடு!" கொச்சியில் 11-வது நிமிஷம் ஒன்று, 13-வது நிமிஷம் ஒன்று என்று விழுந்தபோது எங்கள் ஹாலில் ஒருத்தர், "சரி, ஈடு கட்டிட்டான்" என்று சமாதானமானார். இரண்டும் சரியான பெனால்டிகளாக இருக்கலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

சீரில்லாமல் போவதற்கு விதிகளும் ஒரு காரணம். ஹேண்ட்பால் என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் விதியை மாற்றி எழுதினார்கள். 2020-ல் கை என்பது எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று விளக்கம் கொடுத்தார்கள். அக்குளின் அடிப்பகுதி வரை தோள், அதற்குக் கீழே கை. சட்டை தைக்கிற டெய்லர்கூட இவ்வளவு யோசித்ததில்லை. 2021-ல் மறுபடி திருத்தம். வருஷா வருஷம் மாறும் வருமான வரிச் சட்டத்தைப் பின்பற்றிப் பழகிய எனக்கே தலை சுற்றுகிறது. மைதானத்தில் ஓடிக்கொண்டே அரை விநாடியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கதி என்ன? ஒரு மேட்ச்சில் ரெஃப்ரி பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். கிரிக்கெட் அம்பயர் போல ஒரே இடத்தில் நின்று தொப்பி வாங்கி வைத்துக்கொள்ளும் வேலை இல்லை. இங்கிலாந்தில் 2001-லிருந்தே முழுநேரச் சம்பள ரெஃப்ரிகள். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு வேறு உத்தியோகம் உண்டு. லீவு போட்டுவிட்டு வந்துதான் விசில் ஊதுவார்கள். சமீப வருஷங்களில்தான் சிலரை முழுநேர ஒப்பந்தத்தில் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

நம்மவர் யாருக்கும் திறமை இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோமளீஸ்வரன் சங்கர் என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாட்டுக்காரர். 2002-ல் ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்த உலகக்கோப்பையில் உதவி ரெஃப்ரியாகக் கொடி பிடித்தவர். இந்திய அணி கால் வைக்காத உலகக்கோப்பையில் நம்மவர் ஒருத்தர் எல்லைக்கோட்டில் ஓடியிருக்கிறார். அவருக்கு நம்மூரில் ஒரு கட்-அவுட்கூட வைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ரெஃப்ரிகள் அதிகமாகத் திட்டு வாங்கிய உலகக்கோப்பைகளில் 2002-ம் ஒன்று (சங்கரால் அல்ல!). கொரியாவிடம் தோற்ற இத்தாலி, ஈக்வடார் ரெஃப்ரி பைரன் மொரேனோவைக் கரித்துக் கொட்டியது. அடுத்து ஸ்பெயின். மொரியன்டஸ் தலையால் முட்டிப் போட்ட கோலை, பந்து அதற்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டது என்று ரத்து செய்தார்கள். ரிப்ளேயில் பந்து உள்ளேதான் இருந்தது. அந்த மேட்ச்சில் எகிப்து ரெஃப்ரிக்கு உதவியாக ட்ரினிடாட்டிலிருந்து ஒருத்தர், உகாண்டாவிலிருந்து ஒருத்தர். பிறகு 2006-லிருந்து ஒரே நாடு அல்லது ஒரே கண்டத்தைச் சேர்ந்த மூன்று பேரை ஒரு செட்டாக அனுப்ப ஆரம்பித்தார்கள்.

"இதுக்கெல்லாம் ஒரே மருந்து வி.ஏ.ஆர்.தான் ஸார்" என்பார்கள். வீடியோ பார்த்துத் திருத்தும் ஏற்பாடு. 2018 உலகக்கோப்பையிலிருந்து இருக்கிறது. ஐ.எஸ்.எல்.லில் 2014 முதல் 2025 வரை நடந்த 11 சீசன்களிலும் அது கிடையாது. செலவு அதிகம் என்பதுதான் பல்லவி. எனக்கும் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் வந்துவிட்டால் திட்டு நின்றுவிடுமா?

2023 செப்டம்பர் 30, லண்டன். டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் சுத்தமான கோல் போடுகிறார். லைன்ஸ்மேன் ஆஃப்ஸைட் கொடி தூக்குகிறார். வீடியோ ரூமில் இருந்தவர் ரிப்ளே பார்த்தார், கோடு போட்டுப் பார்த்தார், ஆஃப்ஸைட் இல்லை என்று தெரிந்துகொண்டார். ஆனால் மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, "செக் முடிந்தது" என்று சொல்லிவிட்டார்! ஆட்டம் தொடர்ந்தது. சில விநாடிகளில் விஷயம் புரிந்து பதறினார்கள். திரும்பிப் போக விதியில் இடமில்லை. கோல் போச்சு. கோடிக்கணக்கில் செலவழித்து கேமரா வைத்து, ஒரு வார்த்தையில் கோட்டை விட்டார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அந்த ரூமில் பேசிய பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவாக வெளியிட்டார்கள். உலகமே கேட்டது. அதில் சதி இல்லை, பெட்டி இல்லை. ஒரு மனுஷன் பதறுவது மட்டும் காதில் விழுந்தது. லிவர்பூல் ரசிகர்களின் கோபம் ஆறவில்லைதான். ஆனால் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

இந்த ஊகம் சாதாரண விஷயமில்லை. 1964 மே 24-ம் தேதி பெரு நாட்டின் லிமாவில், அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெரு போட்ட ஒரு கோலை ரெஃப்ரி செல்லாது என்றார். கூட்டம் பொங்கியது, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, மூடிக்கிடந்த கதவுகளில் நசுங்கி 300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மேட்ச். மைதானத்தில் உரசல், இரண்டு பக்கமும் ஒருத்தருக்குச் சிவப்பு அட்டை, காலரியில் கைகலப்பு, நெரிசல். 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. அதே இரண்டு டீம்கள் 2012 டிசம்பர் 9-ம் தேதி சால்ட் லேக்கில் மோதியபோது, மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை. காலரியிலிருந்து வந்த கல் சொந்த அணி வீரர் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் ஆட வரவேயில்லை.

அந்தக் கல்லை எறிந்தவர் பெங்காலி. ஆனால் வியாசர்பாடி பக்கம் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்குப் போய் நின்று பாருங்கள். கறுப்புச் சட்டை போட்ட இருபது வயசுப் பையன் ஒருவன் விசிலோடு ஓடிக்கொண்டிருப்பான். பஸ் செலவுக்கும் டிபனுக்கும் மேலே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அவன் காதில் விழும் வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. இரண்டு சீசன் பொறுத்துப் பார்ப்பான். மூன்றாவது சீசனில் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் "நல்ல ரெஃப்ரியே இல்லையே" என்று நாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து குறைப்பட்டுக்கொள்வோம்.

ஃபிஃபா இப்போது ஒரு காரியம் செய்திருக்கிறது. வீடியோ பார்த்து முடிவெடுத்தால், ரெஃப்ரியே மைக்கில் அதை ஸ்டேடியம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். 2023-ல் ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் ஜூலை 20-ம் தேதி, பெண்கள் உலகக்கோப்பையின் முதல் மேட்ச். ஆக்லாந்தில் நியூசிலாந்தும் நார்வேயும். ஜப்பான் ரெஃப்ரி யமஷிதா யோஷிமி ஓரத்தில் இருந்த டி.வி.யைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். நார்வே ஆட்டக்காரரின் கையில் பந்து பட்டிருக்கிறது, பெனால்டி என்று தன் வாயாலேயே மைக்கில் சொன்னார். நாற்பதாயிரம் பேருக்கு மேல் கேட்டார்கள். நார்வேக்காரர்களுக்கும் காரணம் தெரிந்தது.

நியூசிலாந்தின் ரியா பெர்சிவல் பெனால்டியை உதைத்தார். பந்து கிராஸ்பாரில் 'டங்'கென்று மோதித் திரும்பியது. அதற்காக ரெஃப்ரியைத் திட்ட முடியாதே!